ஒத்து ஊதிய தாத்தாவும் ஒரு ஜாஸ் ஆல்பமும்!

ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம். சீனியர்கள் ரூமில் 'இன்ட்ரோ'. பேர் என்ன, ஊர் என்ன, கட் ஆஃப் எவ்வளவு, க்ரஷ் யாரு... எல்லாம் முடிஞ்சு, கிடாரும் கையுமா உட்கார்ந்திருந்த ஒரு அண்ணன் கேட்டார். ''திருவண்ணாமலையா? உங்க ஃபேமிலில யாராச்சும் மியூசிக் பக்கம் இருக்காங்களா?''

''எங்க தாத்தா நாதஸ்வர வித்வான்ணே!''

கெத்தா சொல்லிட்டேன். ரூமே ஒரு நிமிஷம் மரியாதையாப் பார்த்துச்சு. ஆனா ஃப்ரெண்ட்ஸ், அது பொய்.

எங்க தாத்தா நாற்பது வருஷத்துக்கு மேல நாதஸ்வர செட்டில் இருந்தவர்தான். தண்டராம்பட்டு பக்கம் கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊத்துற திருவிழா எதுன்னாலும் அந்த செட் போகும். நாயனம் வாசிச்சது தாத்தாவோட அண்ணன். தாத்தா வாசிச்சது ஒத்து. 'அவனுக்கு ஏன்டா ஒத்து ஊதுற?'ன்னு கேன்டீன்ல தினமும் திட்டிக்கிறோமே... அந்த ஒத்து!

அது பார்க்க நாயனம் மாதிரியே இருக்கும். விரல் வைக்கிற ஏழு துளை மட்டும் இருக்காது. அடியில ரெண்டு மூணு துளை, மெழுகு வெச்சு அடைச்சு சுருதி சேர்க்க. அவ்வளவுதான். அதுல ராகம் வராது, பாட்டு வராது. வர்றது ஒரே ஒரு ஸ்வரம். அதை கச்சேரி ஆரம்பிச்சதுல இருந்து முடியிற வரைக்கும் நிறுத்தாம ஊதணும். அண்ணன் தோடியில ஊரையே கட்டிப் போட்டுக்கிட்டு இருப்பார். பின்னால தாத்தா கன்னத்தை உப்பிக்கிட்டு, 'பூ....ம்'னு ஒரே ஸ்வரம். அப்புறம் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வந்துச்சு. ஒரு தடவை சுவிட்ச் போட்டா போதும்; சாப்பாடு, பங்கு, பஸ் சார்ஜ் எதுவும் கேட்காது. தாத்தா வீட்டுக்கு வந்துட்டார்.

இதை எப்படிங்க சீனியர் ரூம்ல சொல்றது? 'எங்க தாத்தா ஒத்து ஊதுறவர்'னு சொல்லிட்டு நாலு வருஷம் அந்த ஹாஸ்டல்ல குடியிருக்க முடியுமா?!

ரூம்மேட் கொடுத்த ஃபோல்டர்

என் ரூம்மேட் நாகர்கோவில்காரன். தூங்கும்போதுகூட மெட்டல் கேட்கிற ஜாதி. நான் ராஜா சார் வெறியன். 'ரமண மாலை' டீக்கடையில ஓடுற ஊர்ல பிறந்தவன் வேற எப்படி இருப்பான்? எங்க ரெண்டு பேருக்கும் டெய்லி சண்டை. ஒரு நாள் அவன் கடுப்பாகி, ''லே மக்கா, நீ பாட்டு மட்டுந்தாம்ல கேக்க... மியூசிக் கேக்கது இல்ல'' என்று ஒரு ஃபோல்டரை என் லேப்டாப்பில் தட்டிவிட்டான். ஜாஸ், ராக், ரெண்டுக்கும் நடுவுல பேர் தெரியாத ஐட்டங்கள்.

முதல் ராத்திரி கேட்டேன். சத்தியமா ஒண்ணும் புரியலை. பல்லவி எங்கே, சரணம் எங்கே? ஸ்டார் ஹோட்டல் லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. மூடி வெச்சுட்டு, செமஸ்டர் லீவுக்கு ஊருக்குக் கிளம்பிட்டேன்.

வீட்ல ஒரு சாயங்காலம், கரன்ட் கட். திண்ணையில தாத்தாவும் நானும். போனுக்கு ப்ளூடூத் ஸ்பீக்கரை மாட்டிட்டு ஏதோ தேட, கை தவறி அந்த ஃபோல்டர் ஓட ஆரம்பிச்சது. நான் நிறுத்தப் போனேன். தாத்தா கையைப் பிடிச்சார்.

''இரு கண்ணு. இன்னா பண்றானுங்கன்னு பாப்போம்.''

'ஒத்துக்காரன்ல பாட்டை எடுக்கிறான்!'

ஓடினது மைல்ஸ் டேவிஸோட 'ஸோ வாட்'. 1959-ல் வந்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தோட முதல் டிராக். ஜாஸ் பக்கம் தலைவெச்சுப் படுக்காதவங்களும் பேர் கேள்விப்பட்டிருக்கிற ஆல்பம்.

பியானோவும் பேஸும் என்னமோ முணுமுணுன்னு பேசிக்குது. அப்புறம் பேஸ் ஒரு மெட்டை எடுக்குது. வாசிக்கிறவர் பால் சேம்பர்ஸ். ஆளுயர தந்தி வாத்தியம், அடி சத்தம். அது ஒரு வரி சொன்னதும், மைல்ஸ் டேவிஸோட ட்ரம்பெட், ஜான் கோல்ட்ரேனோட சாக்ஸபோன், கேனன்பால் ஆடர்லியோட சாக்ஸபோன் எல்லாம் சேர்ந்து ரெண்டே ரெண்டு ஸ்வரத்தில் 'ஆ...மா'ன்னு பதில் சொல்லுது. மறுபடி பேஸ் ஒரு வரி. மறுபடி 'ஆ...மா'.

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

''இன்னா கண்ணு இது! அடியில நிக்கிறவன் பாட்டை எடுக்குறான், நாயனக்காரனுங்க அவனுக்கு ஒத்து ஊதுறானுங்க!''

நான் அப்படியே ஷாக் ஆயிட்டேன். பத்து தடவை கேட்டும் எனக்குப் புரியாத விஷயம் அது. உலகத்துல அந்த ட்யூனைப் பத்தி யார் எழுதினாலும் முதல்ல சொல்றது இதைத்தான்: மெட்டு பேஸுக்கு, பதில் ட்ரம்பெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும். தாத்தா அதை அரை நிமிஷத்துல பிடிச்சுட்டார்.

அடுத்த அரை நிமிஷத்துல கோபமும் வந்துருச்சு. ''த்தோ... சுருதியை மாத்திட்டான் பாரு! தூங்கிட்டானா?''

அதுவும் கரெக்ட்! அந்த ட்யூனோட கணக்கு இதுதான். மொத்தம் 32 பார். முதல் 16 பார் ஒரு சுருதி. அடுத்த 8 பார் எல்லாரும் சேர்ந்து அரை ஸ்வரம் மேலே ஏறிடுவாங்க. கடைசி 8 பார் பழையபடி கீழே. பாட்டு பூரா இதே சுத்து. அவங்க வாசிக்கிற ஸ்கேலுக்குப் பேர் டோரியன். நம்ம ஊர்ல அதே ஏழு ஸ்வரத்துக்குப் பேர் கரகரப்ரியா, 22-வது மேளகர்த்தா. அப்போ தாத்தா காதுக்கு எப்படி இருந்திருக்கும்? கரகரப்ரியா நல்லாப் போய்க்கிட்டு இருக்கும்போது ஆதார ஷட்ஜத்தையே யாரோ பிடுங்கி அரைப்படி மேலே நட்ட மாதிரி. ஒத்துக்காரர் டென்ஷன் ஆகாம என்ன செய்வார்?

''அது தப்பில்ல தாத்தா, வேணும்னே மாத்துறாங்க'' என்றேன்.

கொஞ்ச நேரம் பேசலை. மறுபடியும் அந்த இடம் வந்தது. ஏறினாங்க, இறங்கினாங்க. ''ம்... வழி தெரிஞ்சுதான் போறானுங்க'' என்றார்.

அன்னிக்கு கரன்ட் வந்த பிறகும் நாங்க உள்ளே போகலை.

திண்ணை கச்சேரி

மறுநாள்ல இருந்து சாயங்காலம் ஆனா தாத்தாவே, ''அந்தப் பொட்டியக் கொண்டா'' என்பார். எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்வேன். அவருக்குக் கேட்டதை அவர் சொல்வார். ரூம்மேட்டுக்கு டெய்லி ரிப்போர்ட் போகும். 'உங்க தாத்தாவ ஹாஸ்டலுக்குக் கூட்டிட்டு வால'ன்னு மெசேஜ் போட்டான்.

பீட்டில்ஸோட 'டுமாரோ நெவர் நோஸ்'. 1966-ல் வந்த 'ரிவால்வர்' ஆல்பத்தோட கடைசிப் பாட்டு. மூணு நிமிஷம். கிட்டத்தட்ட பூராவும் ஒரே ஸ்வரத்து மேலேயே நிக்கும். பின்னால தம்பூரா. மேலே என்னென்னமோ பறவைக் கூச்சல் மாதிரி டேப் சத்தம். தாத்தா கமென்ட்: ''தம்பூரா நல்லா சேத்துக்குறான். மேல ஏன் இவ்ளோ காக்கா?''

பிங்க் ஃப்ளாய்டோட 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்'. 1975-ல் வந்தது. மனநிலை சரியில்லாமல் 1968-ல் பேண்டை விட்டுப் பிரிந்த நண்பன் சிட் பேரட்டை நினைச்சு பண்ணினது. ரிச்சர்ட் ரைட்டோட கீபோர்டு ஒரே சுருதியைப் பிடிச்சுக்கிட்டு நிமிஷக்கணக்குல நிக்க, டேவிட் கில்மோரோட கிடார் அதுமேல மெதுவா நடந்து வரும். தாத்தா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ''சுருதி சேத்துக்குனே இருக்கானுங்களே, எப்ப ஆரம்பிப்பானுங்க?'' நாலு நிமிஷம் நெருங்கும்போது அந்தப் பிரபலமான நாலு ஸ்வரம் கிடார்ல விழுந்துச்சு. தாத்தா தலையை ஆட்டினார். ''பொணத்துக்கு முன்னால வாசிக்கிறாப்ல இருக்குது. ஆனா சுத்தம்.'' நண்பனை இழந்த கதையை நான் அதுக்கப்புறம்தான் சொன்னேன்.

ஷக்தி! இதுல நம்ம ஆளுங்க. இங்கிலாந்து கிடாரிஸ்ட் ஜான் மெக்லாக்லின், வயலின் எல்.சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ஆர்.ராகவன். 1975 ஜூலை 5 அன்று அமெரிக்காவில் ஒரு காலேஜ்ல நடந்த கச்சேரியை அப்படியே பதிவு பண்ணி, 1976-ல் முதல் ஆல்பமா விட்டாங்க. காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல நமக்கு என்ன கிடைக்குது, அவங்களுக்கு என்ன கிடைச்சிருக்கு பாருங்க மக்களே! மெக்லாக்லின் டாக்டர் எஸ்.ராமநாதன்கிட்ட வீணை கத்துக்கிட்டவர். சாதா கிடார்ல தந்தியை வீணை மாதிரி இழுத்து கமகம் கொடுக்க முடியலைன்னு, ஃப்ரெட்டுகளுக்கு நடுவுல மரத்தைக் குழிவாச் செதுக்கி ஒரு கிடார் செய்ய வெச்சார். குறுக்கால ஏழு தந்தி எக்ஸ்ட்ரா, சுருதிக்காக மட்டும். முதல் டிராக் 'ஜாய்' 18 நிமிஷம். புல்லட் ரயில். தாத்தா பல்லில்லாத வாயால் தாளம் போட்டுப் பார்த்தார், விட்டுட்டார், மறுபடி பிடிச்சார். ''அவசரப்படுறான் வெள்ளக்காரன். ஆனா பானைக்காரரு கூட இருக்காரு, வழுக்கினாலும் பிடிச்சுக்குவாரு.'' பானைக்காரர் யாருன்னு தெரியுதுல்ல... விக்கு சார்தான்!

அந்த ஷக்தி கதை அங்கேயே முடியலை. மேண்டலின் ஸ்ரீனிவாஸ், விக்கு சாரோட மகன் செல்வகணேஷ், ஷங்கர் மகாதேவன்னு அடுத்த தலைமுறை வந்து, 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு 2024-ல் கிராமி வாங்கினாங்க. மேண்டலின் ஸ்ரீனிவாஸ் அதைப் பார்க்க இல்லை. 2014-ல், 45 வயசுல போயிட்டார். அதே 2024 டிசம்பர்ல ஜாகிர் உசேனும் போயிட்டார்.

மூச்சு விடாத மனுஷன்

ஒரு நாள் போன்ல ஒரு பழைய வீடியோ காட்டினேன். ராசான் ரோலண்ட் கிர்க். கண்ணு தெரியாத ஜாஸ் கலைஞர். கழுத்துல மூணு சாக்ஸபோனை மாட்டிக்கிட்டு, மூணையும் ஒரே நேரத்துல வாயில வெச்சு ஊதுறார். அதுமட்டுமில்லை, மூச்சு எடுக்கிறதே தெரியாம ஒரே ஸ்வரத்தை நிறுத்தாம இழுக்கிறார். 1975-ல் பக்கவாதம் வந்து ஒரு கை போன பிறகும் இன்னொரு கையால வாசிச்சவர். 1977-ல் இறந்துட்டார்.

தாத்தா போனை மூக்குக்கு நேரா வெச்சுக்கிட்டுப் பார்த்தார். சிரிக்க ஆரம்பிச்சார். ''கன்னத்தைப் பாரு கண்ணு! கன்னத்துல காத்து வெச்சிருக்கான். திருட்டுப் பையன், ஒத்து ஊதக் கத்துக்கினு இருக்கான்!''

அப்போதான் அந்த டெக்னிக்கை எனக்கு விளக்கினார். காத்தைக் கன்னத்துல நிறுத்திக்கணும். கன்னத்துக் காத்தை வெளியே தள்ளுற அதே நேரத்துல மூக்கால புது மூச்சை இழுத்துக்கணும். ஒரு விநாடி சத்தம் அறுந்தாலும் நாயனக்காரர் திரும்பி முறைப்பார். தாத்தா எட்டு வயசுல பழகினாராம். சொம்புத் தண்ணியில பப்பாளித் தண்டை விட்டு, குமிழி நிக்காம ஊதணும். நின்னா தலையில குட்டு. ''ஆறு மாசம் குட்டு வாங்குனேன்'' என்றார்.

நானும் சொம்பும் ஜூஸ் ஸ்ட்ராவுமா உட்கார்ந்தேன். என் பெஸ்ட் ஸ்கோர் நாலு விநாடி. அப்புறம் மூக்குல தண்ணி. இதை ஒரு மனுஷன் ராத்திரி சாமி ஊர்வலம் தெரு சுத்தி முடிக்கிற வரைக்கும் செய்வார்னா...?

நான் ஈ.சி.இ. எங்களுக்கு முதல் செமஸ்டர்லயே சொல்லித் தர்ற பாடம்: எந்த சர்க்யூட்டா இருந்தாலும் முதல்ல கிரவுண்ட் எங்கேன்னு பாரு. அஞ்சு வோல்ட்ன்னா எதுல இருந்து அஞ்சு வோல்ட்? கிரவுண்டுல இருந்து. கிரவுண்ட் இல்லைன்னா அளக்கிறதுக்கே அர்த்தம் இல்லை. ஆனா கிரவுண்டுக்கு வேல்யூ என்ன? ஸீரோ! எங்க தாத்தா அந்த செட்டோட கிரவுண்ட். இருபது வருஷம் வீட்லயே இருந்த அந்த விஷயம், பி.ஈ. படிக்கிற எனக்கு ஜாஸ் கேட்டுத்தான் புரிஞ்சுது.

சாக்ஸபோன் இங்கே, நாயனம் அங்கே

கத்ரி கோபால்நாத்தை தாத்தாவுக்கு ஏற்கனவே தெரியும். 'டூயட்' (1994) பார்க்காதவங்க யாரு? மங்களூர் பக்கத்து நாதஸ்வரக் குடும்பத்துப் பையன், மைசூர் அரண்மனை பேண்டுல சாக்ஸபோனைப் பார்த்து மயங்கி, அதை கர்நாடக சங்கீதத்துக்கு இழுத்துட்டு வந்தார். 1980-ல் பம்பாய் ஜாஸ் ஃபெஸ்டிவல்ல அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி இவர் வாசிப்பைக் கேட்டுட்டு மேடையில சேர்ந்து வாசிச்சார். 2008-ல் ருத்ரேஷ் மஹந்தப்பாவோட சேர்ந்து 'கின்ஸ்மென்' ஆல்பம். 2019-ல் மறைஞ்சுட்டார்.

தாத்தாவுக்குத் தெரியாதது இதோட ரிவர்ஸ் கியர். சார்லி மரியானோன்னு பாஸ்டன்காரர். பெரிய பெரிய ஜாஸ் குழுக்கள்ல சாக்ஸபோன் வாசிச்சவர். அவர் நம்ம நாதஸ்வரத்தைக் கத்துக்கிட்டுப் போய், எழுபதுகள்ல ஜாஸ்-ராக் ரெக்கார்டுகள்ல அதை வாசிச்சார். ஒன்றைப் போட்டுக் காட்டினேன். தாத்தா முகத்தைச் சுளிச்சார். ''சீவாளி வாய்ல ஒக்காரல. அவசரத்துல கடிச்சுக்குறான்.'' அடுத்து கொஞ்சம் கேட்டுட்டு, ''ஆசைப்பட்டு ஊதுறான், பாவம். ஊதட்டும்.''

நம்ம ஊர் வழியாப் போன ஆல்பம்

லீவு முடிய நாலு நாள். பௌர்ணமி. கிரிவலம் போனேன். மொத்தம் 14 கிலோமீட்டர். ரூம்மேட் மெசேஜ்: 'மலைய சுத்தும்போ இதக் கேளு.' ஆலிஸ் கோல்ட்ரேன், 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971.

ராஜகோபுரத்துக்கு முன்னால இயர்போனை மாட்டினேன். முதல்ல தம்பூரா. அதோடு பேஸ் ஒரே ஒரு சின்ன வரியைத் திரும்பத் திரும்ப, நடந்து போற மாதிரி வாசிக்குது. அதுமேல ஆலிஸோட ஹார்ப், யாரோ தண்ணியைக் கையால அள்ளி விடுற மாதிரி. அப்புறம் ஃபரோ சாண்டர்ஸோட சோப்ரானோ சாக்ஸபோன். அது வளைஞ்ச சாக்ஸபோன் இல்லை, நேர்க் குழல். சத்தியமாச் சொல்றேன், தூரத்துத் தெருவில் நாயனம் கேட்கிற மாதிரியே இருந்தது. ரெண்டாவது டிராக்கோட பேர் 'சிவலோகா'. எங்கே இருந்துக்கிட்டு கேட்கிறேன் பாருங்க! கூட்டத்தோட கூட்டமா ரமணாசிரமம் தாண்டுறதுக்குள்ள 37 நிமிஷ ஆல்பமும் முடிஞ்சுபோச்சு. மறுபடி முதல்ல இருந்து போட்டேன். அந்தச் சுத்துல எத்தனை தடவை கேட்டேன்னு கணக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து, யாருப்பா அந்த சச்சிதானந்தான்னு படிச்சுப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டுச்சு.

கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் 1914-ல் பிறந்த ராமசாமிதான் பின்னாளில் சுவாமி சச்சிதானந்தா. குரு தேடி அலைஞ்ச காலத்துல அவர் வந்து தங்கின இடங்கள்ல ஒண்ணு... நம்ம ரமணாசிரமம்! ரமணருக்குக் கையில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் மேல ஆபரேஷன் நடந்த நேரம். அந்த வேதனையைப் பார்க்கத் தாங்காம இங்கிருந்து கிளம்பி ரிஷிகேஷ் போனார். 1949-ல் சிவானந்தரிடம் சந்நியாசம். அப்புறம் இலங்கை. 1966-ல் நியூயார்க். 1969 ஆகஸ்ட் 15, நமக்கு சுதந்திர தினம், அங்கே உட்ஸ்டாக் ராக் திருவிழா. ரிச்சி ஹேவன்ஸ் பாடி முடிச்சதும் மேடையில ஏறி, லட்சக்கணக்கான ஹிப்பிகளுக்கு முன்னால ஒலியோட சக்தியைப் பத்தியும் அமைதியைப் பத்தியும் பேசி திருவிழாவைத் துவக்கி வெச்ச காவி வேட்டிப் பெரியவர் இவர்தான். அதே மேடையில்தான் சந்தானாவும் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் வாசிச்சாங்க.

ஆலிஸோட கதை வேற. கணவர் ஜான் கோல்ட்ரேன், 'ஸோ வாட்'ல சாக்ஸபோன் வாசிச்சாரே அவரேதான், 1967-ல் 40 வயசுல இறந்துட்டார். நாலு குழந்தைகள். ஆலிஸுக்குத் தூக்கம் போச்சு, உடம்பு இளைச்சுப் போச்சு. ஜான் ஆர்டர் பண்ணின ஹார்ப் அவர் இறந்த பிறகுதான் வீட்டுக்கு வந்துச்சாம். அந்த ஹார்ப்பைத்தான் ஆலிஸ் வாசிக்கக் கத்துக்கிட்டாங்க. அந்த இருட்டுல கைப்பிடிச்சது சச்சிதானந்தாவோட பழக்கம். 1970 கடைசியில அவரோடு இந்தியாவுக்குக் கிளம்பினாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி பதிவு பண்ணின ஆல்பத்துக்குத்தான் அவர் பேரை வெச்சாங்க. பின்னாளில் கலிஃபோர்னியாவில் ஓர் ஆசிரமமே நடத்தி, 2007-ல் மறைஞ்சாங்க.

துக்கம் தாங்காம நம்ம ஊரை விட்டுப் போன ஒருத்தர், துக்கம் தாங்காம இருந்த இன்னொருத்தரை உலகத்தோட அந்தக் கோடியில பார்த்திருக்கார். நான் சாமி கும்பிடுறதுல அவ்வளவு ஸ்ட்ராங் இல்லை. ஆனாலும் அன்னிக்கு மலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே நின்னேன்.

'பேராவது போட்டிருக்கானே!'

மறுநாள் திண்ணையில் தாத்தாவுக்குப் போட்டேன். நான் எதிர்பார்த்தது, சாக்ஸபோனைப் பத்தி ஏதாவது சொல்வார்னு. சொல்லலை. ஹார்ப்பைப் பத்தியும் சொல்லலை. கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருந்தார். கன்னம் மட்டும் லேசா உப்பி உப்பி அடங்குச்சு. ஆறரை நிமிஷம். பாட்டு முடிஞ்சதும் கேட்டார்.

''அந்தத் தம்பூரா யாரு?''

''தெரியலையே தாத்தா...''

''பாரு.''

தேடினேன். ஆல்பம் அட்டையில் ஆலிஸ் பேர், ஃபரோ சாண்டர்ஸ் பேர், பேஸ் செசில் மெக்பீ பேர், ட்ரம்ஸ் ரஷீத் அலி பேர். அந்த வரிசையிலேயே, தம்பூரா: துளசி. ஒத்தைப் பேர். அவ்வளவுதான்.

''துளசின்னு போட்டிருக்கு தாத்தா.''

''பேரு போட்டுக்குதா?''

''ஆமா.''

தாத்தா ரொம்ப நேரம் தெருவையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் எழுந்து உள்ளே போய், பரண் மேல இருந்து ஒரு பழைய மஞ்சப்பையை எடுத்துட்டு வரச் சொன்னார். உள்ளே நாற்பது, ஐம்பது கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ். மடிப்புல கிழிஞ்சது, கறை பட்டது. ஒண்ணு ஒண்ணாப் பிரிச்சுக் காட்டினார். எல்லாத்துலயும் பெரிய எழுத்துல அவர் அண்ணன் பேர். கொஞ்சம் சின்ன எழுத்துல தவில்காரர் பேர். கீழே 'குழுவினர்'.

''இதுல நான் எங்க கீறேன் சொல்லு?'' என்றார் சிரிச்சுக்கிட்டே.

நான் பதில் சொல்லலை. 'குழுவினர்'ங்கிற வார்த்தை மேல விரலை வெச்சேன். அதுல 'ழு' அழிஞ்சு போயிருந்தது.

உங்க காதுக்கு ஒரு ஸ்டார்ட்டர் பேக்!

* கைண்ட் ஆஃப் ப்ளூ (மைல்ஸ் டேவிஸ், 1959): ஜாஸுக்கு எல்.கே.ஜி.யும் இதுதான், பிஹெச்.டி.யும் இதுதான்.

* எ லவ் சுப்ரீம் (ஜான் கோல்ட்ரேன்): 1964 டிசம்பர் 9, ஒரே நாள்ல பதிவானது. நாலு ஸ்வரத்துல பேஸ் ஒரு மந்திரம் மாதிரி சொல்லும். 1973-ல் சந்தானாவும் மெக்லாக்லினும் இதை எலெக்ட்ரிக் கிடார்ல வாசிச்சதையும் தேடிக் கேளுங்க.

* ஷக்தி முதல் ஆல்பம் (1976): மொத்தமே மூணு டிராக். மூணாவது கிட்டத்தட்ட அரை மணி நேரம். எக்ஸாமுக்கு முந்தின நாள் கேட்காதீங்க, படிப்பு ஓடாது.

* ஹவ் டு நேம் இட் (இளையராஜா, 1986): தியாகராஜரும் பாஹும் ஒரே பெஞ்சுல. ரூம்மேட்டோட சமாதானம் ஆனது இதுலதான்!

* ஜர்னி இன் சச்சிதானந்தா (ஆலிஸ் கோல்ட்ரேன், 1971): தனியா, இருட்டுல, நடந்துக்கிட்டே. முதல் தடவை தம்பூராவை மட்டும் கேளுங்க.

இன்ட்ரோ, இரண்டாம் முறை

லீவு முடிஞ்சு ஹாஸ்டல் வந்தேன். அந்த கிடார் அண்ணன் படிச்சு முடிச்சு வேலைக்குப் போயிட்டார். போன் பண்ணினேன். ''அண்ணே, ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு பொய் சொன்னேன். எங்க தாத்தா நாதஸ்வரம் வாசிக்கலை. ஒத்து ஊதினார்.''

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கலாய்க்கப் போறார்னு நினைச்சேன்.

''ஒத்துன்னா... அந்த ட்ரோன் வாசிக்கிறதா? சர்க்குலர் ப்ரீத்திங் பண்ணியா?! டேய், அவர் இருக்காரா? நான் வந்து பார்க்கலாமா?''

வரச் சொல்லியிருக்கேன். தாத்தாவுக்கு முன்பல் இல்லை, சீவாளி காய்ஞ்சு வெடிச்சுப் போச்சு. வேட்டியில சுத்தி பரண் மேல இருக்கிற அந்தக் குழலை இனிமே அவரால ஊத முடியாது. ஆனா எப்படி ஊதணும்னு சொல்லித் தர முடியும்னு சொல்றார். சொம்பு ரெடி. பப்பாளி மரம் பக்கத்து வீட்ல இருக்கு. என் ஸ்கோர் இப்போ ஒன்பது விநாடி.

அதனால ஃப்ரெண்ட்ஸ், இனிமே யாராவது உங்களை 'ஏன்டா அவனுக்கு ஒத்து ஊதுற?'ன்னு கேட்டா கோபப்படாதீங்க. ஒரு சொம்புத் தண்ணியும் ஒரு பப்பாளித் தண்டும் கையில கொடுத்து, ''எங்கே, நீ ஒரு நிமிஷம் ஊதிக் காட்டு பார்ப்போம்''னு சொல்லுங்க!